தைரியராஜ் கண்

வீரமலையின் பழைய பிக்கப் வேனுக்குத் திடீரென்று ஆற்றின் மேல் ஆசை வந்துவிட்டது. காவிரிப் பாலத்தில் ஏறினால் போதும், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இடது பக்கமே இழுத்தது.

"முன் சக்கரத்தை நேரா நிறுத்துற கிங்பின் தேஞ்சு போச்சுங்க. வேற போடாம ஓட்டாதீங்க" என்றார் மெக்கானிக்.

"தேய்மானமாவது மண்ணாவது. இது தைரியராஜ் கண்ணு" என்றார் வீரமலை.

தைரியராஜ் எதிர் ஷெட்காரர். யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது, இருவரும் ஒரே மாதிரி வண்டியாக எடுத்தவர்கள். அன்றிலிருந்து வாழைத்தார் லோடுக்கு இருவருக்கும் போட்டி.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் பெரிய இடத்துக் கல்யாணம். இலையும் தாரும் கொண்டுபோகும் வேலை வீரமலைக்கு வந்திருந்தது. வண்டி படுத்துவிட்டால் அந்த வீட்டு லோடெல்லாம் இனிமேல் எதிர் ஷெட்டுக்குத்தான்.

உறையூர், பாலக்கரை என்று ஒரு கடை பாக்கியில்லாமல் அலைந்தார். அந்தக் காலத்து வண்டிக்கு இப்போது சாமான் ஏது என்று எல்லாரும் கையை விரித்தார்கள்.

போதாக்குறைக்குத் தைரியராஜ் வேறு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாவி மிச்சத்துக்கும் கண் போட்டுவிட்டான் என்று வீரமலை தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். வண்டியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டுப் புதிதாகக் கட்டினார்.

மறுநாளே பழைய இரும்புக் கடை மூக்கனிடமிருந்து ஆள் வந்தது. ஒரு ஜோடி கிங்பின் கிடைத்திருக்கிறதாம். எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று வீரமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வண்டி பிடித்த பிடியில் நேராகப் போய் லோடை இறக்கியது.

திரும்பி வந்த கையோடு, பெரிய பூசணிக்காய் ஒன்றை வண்டிக்குச் சுற்றித் தைரியராஜ் ஷெட் வாசலிலேயே போட்டு உடைத்தார். உள்ளே தைரியராஜின் வண்டி முன் சக்கரம் இல்லாமல் கல் மேல் நின்றிருந்தது.

வீரமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பக்கம் வந்த மூக்கனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"பார்த்தியா மூக்கா, கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க?"

மூக்கனுக்கு அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"உங்க வண்டியில ஓடுறது அவரு கழட்டிக் கொடுத்த கிங்பின்னுங்க. பொருந்துமான்னு பார்க்கத்தான் அன்னைக்குக் குனிஞ்சாரு. பாலத்துல ஏதாவது ஆயிட்டா, பிள்ளைகுட்டிக்காரராச்சேன்னாரு. பேரைச் சொன்னா வாங்க மாட்டீங்கன்னு எங்கிட்டக் கொடுத்தாருங்க."

வீரமலை சிதறிக் கிடந்த பூசணிக்காயைப் பார்த்தார். கல் மேல் நின்ற வண்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதை முன்னாடியே சொல்றதில்லையா மூக்கா? போ, இன்னொரு பூசணிக்காய் வாங்கிட்டு வா. அவன் கண்ணு வண்டிக்குள்ளேயே வந்து உக்காந்திருக்கே."