சமையல்காரரின் கிரிப்டோ

தட்டை வைத்த கையோடு சமையல்காரர் ஆரம்பித்துவிட்டார். "கிரிப்டோ வாங்கிப் போடுங்க சார். ஒரே வருஷத்துல பத்து மடங்கு!"

சாப்பிட வந்த ஆசிரியருக்குப் பொறி தட்டியது. அப்படியென்றால் இவர் ஏன் இன்னும் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிறார்? யாரோ கமிஷன் கொடுத்து ஏவிவிட்டிருக்கிறார்கள்.

கை கழுவிவிட்டு நேராகக் கல்லாவுக்குப் போனார். "உங்க சமையல்காரர் வர்றவங்களுக்கெல்லாம் வலை விரிக்கிறார். கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

முதலாளி சிரித்தார். "சூதுவாது தெரியாத மனுஷன் சார். போன வருஷம் வரைக்கும் இந்த ஹோட்டலே அவரோடதுதான். என்கிட்ட வித்துட்டு, மொத்தத்தையும் அதுல போட்டார். எல்லாம் கரைஞ்சு போச்சு. நாலு பேர் வாங்கினா மறுபடி ஏறும்னு நம்பிட்டு இருக்கார்."

"அடப்பாவமே! அவர் மண்டையில இதை ஏத்தினது யாரு?"

முதலாளி பில்லை நீட்டினார். "நான்தான். அப்ப நான் இங்க தினமும் சாப்பிட வர்ற கஸ்டமர்."