வழிவிடாத கோச்

சனிக்கிழமை காலை, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் வந்து, கோச் ஹோலிஸ் வீட்டுக் கதவைத் தடதடவென்று தட்டினார் கிளிண்ட்.

டயர்க்கடை முதலாளி. கையால் வீசியும் காலால் உதைத்தும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஊர் ரசிகர் சங்கத் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளி அணியில் பந்து வீசும் டிரேவிஸின் அப்பா. டெக்சாஸில், அதுவும் அந்த ஊரில், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் மேயரெல்லாம் அப்புறம்தான்.

கதவைப் பாதி திறந்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றார் ஹோலிஸ்.

"உள்ளே வரலாமா?"

"இங்கேயே பேசிடலாம் கிளிண்ட்."

கிளிண்டுக்குச் சுருக்கென்றது. அடித்துக்கொண்டவனைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிற ஊர் அது. தோற்றுப்போன கோச்சுக்கு இவ்வளவு கொழுப்பா?

"சரி, வாசல்லயே கேக்கறேன். நேத்து என்னய்யா பண்ணீங்க? ரெண்டே ரெண்டு புள்ளிதான் கம்மி. கடைசி நொடி. பந்து கோல் கம்பத்துக்கு முன்னாடி கிடக்கு. உதைச்சு உள்ள விட்டா மூணு புள்ளி, நேரா இறுதிப் போட்டி! கண்ணைக் கட்டிவிட்டாக்கூட உதைச்சிடலாம்!"

"ஆமா."

"என்ன ஆமா? இன்னொருத்தன் உதைக்கறதுக்குப் பந்தை நிறுத்திப் பிடிச்சுக்கிட்டிருந்த எம்பையனை, எழுந்து வீசுன்னு சொல்லியிருக்கீங்க. தந்திரமாம் தந்திரம்! எதிராளி லபக்குனு பிடிச்சிட்டான். ஊரே எம்பையனைக் காறித் துப்புது!"

"அவனை ஏன் துப்பணும்? தந்திரம் என்னோடது. ரேடியோவுலயே சொல்லிட்டேனே."

"பாவம், ராத்திரி பூரா அழுதிருக்கான். இன்னும் ரூம் கதவைத் திறக்கல, தெரியுமா?"

ஹோலிஸ் கதவை இன்னும் கொஞ்சம் ஒருக்களித்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி நோரீன் எட்டிப் பார்த்தாள்.

"வெயில் ஏறுது கிளிண்ட். வீட்டுக்குப் போங்களேன்."

"ஓஹோ, அம்மாவும் விரட்டறீங்களா? நல்லா இருக்கு!"

பதினெட்டு வருஷம் ஊர் ஊராக உதவிக் கோச்சாகக் குப்பை கொட்டிய பிறகு, ஹோலிஸுக்கு முதல்முதலாகக் கிடைத்த தலைமைக் கோச் வேலை இது. கிளிண்டுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கைவைத்தார்.

"திங்கக்கிழமை பள்ளி நிர்வாகம் கூடுது. உங்க சீட்டைக் கிழிக்காம நான் ஓயமாட்டேன். மரியாதையா நீங்களே ராஜிநாமா பண்ணிடுங்க."

"மாட்டேன்."

"என்னது?"

"தூக்கறதுன்னா தூக்குங்க. நானா போகமாட்டேன். அடுத்த வருஷத்துப் பசங்களுக்குத் திங்கக்கிழமை சாயங்காலம் பயிற்சி இருக்கு. மைதானத்துலதான் இருப்பேன். உத்தரவை அங்க வந்து குடுங்க, வாங்கிக்கறேன்."

"ஒரு பையனோட எதிர்காலத்தைக் கெடுத்துட்டு, உங்களுக்கு வேலை மட்டும் வேணுமாக்கும்! ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீங்களா?"

ஹோலிஸின் தாடை இறுகியது. ஆனால் குரல் தணிவாகத்தான் வந்தது.

"தப்பு என்னுதுதான் கிளிண்ட். மன்னிச்சிடுங்க. பையனை மட்டும் எதுவும் கேக்காதீங்க."

பணிந்தவனைக் கண்டால் சிலருக்குக் குரல் இன்னும் ஏறும். கிளிண்டுக்கு ஏறியது.

"இங்க முணுமுணுத்தா ஆச்சா? ஊரைக் கூட்டி, எம்பையன் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னு சொல்லணும்!"

உள்ளே நாற்காலி ஒன்று கவிழ்ந்து விழுந்தது.

"வேண்டாம்டா, உள்ளேயே இரு," என்றார் ஹோலிஸ், திரும்பாமலே.

கேட்டால்தானே! அவர் கையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றான் டிரேவிஸ். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நேற்றைய ஜெர்ஸியைக்கூடக் கழற்றவில்லை.

"டேய்! நீ எப்படா இங்க வந்தே?"

"விடியறதுக்கு முன்னாடியே. உண்மையைச் சொல்லிடறேன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன், இவர் விடமாட்டேங்கறார். கோச் உதைக்கத்தான் சொன்னார்ப்பா. நான்தான் கேக்காம எழுந்து வீசிட்டேன்."

கிளிண்ட் மகனையும் கோச்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழக்கமான கோபம் திரும்பி வந்தது, இந்தத் தடவை மகன் மேல்.

"அறிவிருக்காடா உனக்கு? கோச் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு பண்ணுவியா? எந்த முட்டாள்டா உனக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தான்?"

டிரேவிஸ் கோச்சைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினார் ஹோலிஸ்.

"'உதைக்க விடாதே, நீயே வீசி ஜெயிடா, காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்க வந்தவங்க பாக்கறாங்க'ன்னு முதல் வரிசையில நின்னு தொண்டை கிழியக் கத்தினீங்களேப்பா... அது கோச்சுக்கும் கேட்டுது."