டெரிக் சாரின் நண்பர்

"இந்த சாஃப்ட்வேரை எதுக்கு வாங்கினாங்கன்னே தெரியல சார். வெட்டிடலாமா?" என்று கேட்டாள் எத்திராஜின் கீழ் வேலை பார்க்கும் ரூபினி.

ஆனேக்கல்லில் அவள் வீட்டு மிக்ஸி இரைச்சல் கம்ப்யூட்டர் வழியாக எத்திராஜின் காதில் விழுந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் அந்த மாடி முழுக்க நாற்காலிகள் கிடந்தன. உட்கார அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற புண்ணியவான்கள்.

கம்பெனி சாஃப்ட்வேருக்குக் கொட்டுகிற பணத்தில் எது வியாபாரத்துக்கு உதவுகிறது, எது தண்டம் என்று பிரித்துச் சொல்வது எத்திராஜின் வேலை. 'இதனால் கம்பெனிக்கு என்ன லாபம்?' என்று வாங்கியவர்களைக் கேட்பார். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் நிறுத்திவிடுவார். அதில் தாட்சண்யமே கிடையாது.

"என்ன செய்யுமாம் அது?"

"பில்லுல வெறும் பேர்தான் இருக்கு. டைரக்டருங்க எல்லாருக்கும் வாங்கியிருக்காங்க, ஆனா டெரிக் சார் ஒருத்தருக்குத்தான் ஓடுது. அவர் செக்ரட்டரியைக் கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்ல. நிறுத்தினா கோவிச்சுக்குவாரோ சார்?"

எத்திராஜ் சிரித்தார். "டெரிக்கா? அவர் நம்ம ஃப்ரெண்டும்மா. நான் சொல்லிக்கறேன், நீ நிறுத்து."

"டைரக்டர் உங்க ஃப்ரெண்டா? சொல்லவே இல்லையே சார்."

நண்பர்தான். நேரில் பார்த்ததில்லை. டெரிக் பாதி நாள் வெளிநாட்டில் இருப்பார், மீதி நாள் மேல்மாடியில். ஆனால் மாதாமாதம் எத்திராஜ் அனுப்பும் ரிப்போர்ட்டுக்கு பதில் போடுகிற ஒரே மனிதர் அவர்தான். மனைவி சாந்தகுமாரி தவறிப்போன மாதம், ரிப்போர்ட் தாமதமானதற்கு இன்னதுதான் காரணம் என்று எத்திராஜ் எழுதியிருந்தார். அன்று டெரிக் எழுதிய ஆறுதல் மாதிரி சொந்தக்காரர்கள்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்திராஜ் தினமும் ஏதாவது எழுத ஆரம்பித்துவிட்டார். ஹெப்பகோடி வீட்டில் குழாய் ஒழுகுவது, தானே வைத்த ரசத்தில் உப்பு கூடிப்போனது, இப்படி. எதற்கும் டெரிக் சலித்துக்கொண்டதில்லை. ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் மட்டும் 'ஊட்டா ஆய்த்தா?' என்று கன்னடத்தில் முடிப்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்க எத்திராஜுக்கு இந்த ஊரில் வேறு நாதி கிடையாது.

"வெள்ளிக்கிழமை ரிடையர் ஆகறீங்களே சார். பார்ட்டி ஒண்ணும் இல்லையா?"

"பார்ட்டிக்கு யாரும்மா வருவா? நீயே ஸ்க்ரீன்லதான இருக்கே. டெரிக்கை மட்டும் கூப்பிடப் போறேன். கேன்டீன்ல ஒரு காபி. அது போதும் எனக்கு."

அன்று மாலையே எழுதினார். 'வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். உங்களை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். நான்கு மணிக்கு கேன்டீனுக்கு வர முடியுமா?'

எப்போதும் நாற்காலியை விட்டு எழுவதற்குள் பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டைரக்டருக்கு ஆயிரம் வேலை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். புதன்கிழமை இன்னொரு மெயில் போட்டார். அதற்கும் மௌனம்தான்.

"நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா ரூபினி?"

"அந்த சாஃப்ட்வேர் கோவமா இருக்கும் சார். அவரைக் கேக்காம நிறுத்திட்டோம்ல."

இருக்கும் என்றுதான் எத்திராஜுக்கும் பட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நட்பு இருக்கிறது என்ற மிதப்பில் கேட்காமல் விட்டது தன் தப்புதான் என்று நொந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாலு மணிக்கு கேன்டீனில் இரண்டு காபி வாங்கி, வாசலைப் பார்க்க வசதியான மேஜையில் உட்கார்ந்தார். எதிரே இருந்த காபியில் ஆடை படிந்தது. தன் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

கோபம் இருந்தால் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம், சொல்லாமல் பிரிய வேண்டாம் என்று மேல்மாடிக்குப் போனார்.

அங்கே செக்ரட்டரி மௌரீன் உட்கார்ந்திருந்தாள். எத்திராஜ் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து டெரிக்கே வெளியே வந்தார். போட்டோவில் பார்த்த அதே முகம். எத்திராஜ் ஆசையாகக் கையை நீட்டினார்.

டெரிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மௌரீன், ஏசி ரிப்பேருக்கு ஆள் வந்துட்டார் பாருங்க. உள்ள அழைச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

நீட்டிய கையை எத்திராஜ் மெல்ல மடக்கிக்கொண்டார்.

"நான் எத்திராஜ்மா. கீழ் மாடி. தினமும் அவரும் நானும் மெயில்ல பேசிக்குவோம். இந்த வாரம்தான் என்னவோ கோவம், பதிலே போடல."

மௌரீன் சங்கடமாகப் பார்த்தாள்.

"சாருக்குக் கோவமெல்லாம் இல்ல அங்கிள், அவர் மெயிலைத் திறக்கறதே இல்ல. அவர் எழுதற மாதிரியே எல்லாருக்கும் அதுவா பதில் போட ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருந்தோம். நான் லீவுல இருந்த நேரம் பாத்து, கீழ யாரோ அது தண்டம்னு நிறுத்திட்டாங்களாம்."