அடைக்கோழிச் சூடு

லொங்குய்ய் நகரத்து வீட்டுப் பேஸ்மென்ட்டில் குகதாசனின் கோழி ஒருவழியாக அடைக்குப் படுத்துவிட்டது. பண்ணையில் வாங்கிய முட்டைகளை மனைவி அஜந்தாவே அதன் பெட்டிக்குள் அடுக்கினாள். இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும் என்று குகதாசன் ஓர் இரும்பாணியையும் கரித்துண்டையும் கூடவே வைத்தார்.

“இடி இருக்கட்டும். உங்கட சிநேகிதர்மார் காட்ஸ் விளையாடுற சத்தத்துக்கு என்ன செய்யப் போறியள்?” என்றாள் அஜந்தா.

நியாயமான கேள்வி. சனிக்கிழமைதோறும் அதே பேஸ்மென்ட்டில் கூடி, மேசையில் அடித்துக் கத்துகிற கூட்டம் அது. குகதாசன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லோருக்கும் போன் எடுத்தார்.

“குஞ்சு பொரிக்கும்வரைக்கும் ஒருத்தரும் இஞ்சாலப் பக்கம் வராதேங்கோ!”

அதற்குப் பிறகு வீட்டில் கதையெல்லாம் கிசுகிசுப்பில்தான். தும்மல் வந்தால்கூட குகதாசன் வெளியே ஓடினார்.

பொரிக்கவேண்டிய நாள் கடந்தும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தவர் வாயைப் பிளந்தார். உள்ளே வெள்ளையும் மஞ்சளும் கட்டியாக இருந்தன.

“அஜந்தா, ஓடி வாரும்! எங்கட கோழியின்ர சூட்டைப் பாரும், முட்டையையே அவிச்சுப்போட்டுது!”

“ஓமப்பா, பொல்லாத சூடுதான். மனம் விடாதேங்கோ. வேற முட்டை வாங்கி வாங்கோ, திரும்ப வைப்பம். சிநேகிதர்மாருக்கும் சொல்லிவிடுங்கோ.”

புது முட்டைகள் வந்ததும் அஜந்தா அவற்றோடு நேரே குசினிக்குப் போனாள். அடுப்பில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.