பாதி வலி

எல்லையில் கால் சிதைந்து வீடு திரும்பிய பூவரசனோடு ராணுவம் இரண்டு பட்டைகளையும் அனுப்பியிருந்தது. ஒன்று அவன் கையில், மற்றது மனைவி தமயந்தியின் கையில். அவள் பட்டையிலுள்ள குமிழைப் பாதி திருகினால் அவன் வலியில் பாதி அவளுக்கு வந்துவிடும். குடும்பம் பகிர்ந்துகொண்டால் காயம் சீக்கிரம் ஆறுமாம். அவன் முனகுவதைப் பொறுக்காமல் தமயந்தி அவனுக்குத் தெரியாமல் முழுவதும் திருகிவிட்டாள்.

"மருந்து பிரமாதம்டி," என்றான் பூவரசன்.

மாதம் முடிந்து சோதிக்க வந்த ராணுவ டாக்டர் அவன் பட்டையைப் பார்த்துச் சிரித்தார். "வலி சுத்தமா இல்லையேப்பா. திங்கக்கிழமை டூட்டில சேந்துரு."

"சார், அதெல்லாம் எங்கிட்ட இருக்கு," என்றாள் தமயந்தி, தன் காலைப் பிடித்தபடி.

"இருக்கட்டும்மா. இந்தப் பட்டை எல்லை வரைக்கும் எட்டும். கழட்டிராதீங்க."