கழுத்துப் பட்டி

டிலக்ஷன் தன் அக்கா துஷாந்தினிக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தக் காசில் வாங்கிய ரப்பர்க் கடல் உடுப்பைத்தான் மழைக்கு இருட்டிய தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் போட்டுப் பார்க்கிறான். நாளைக்கு, ஈட்டியால் மீன் குத்துகிறவர்களோடு கடலில் இறங்கி அந்தக் கடனை அடைக்கத் தொடங்கவேண்டும். முதுகில் வரவேண்டிய ஜிப்பை, சட்டை மாதிரி நெஞ்சுப் பக்கம் வைத்துப் போட்டுவிட்டான். இப்போது ஜிப் சிக்கிக்கொண்டது. கழுத்துப் பட்டி தொண்டையை நெரிக்கிறது. கறுப்பு ரப்பருக்கு மேலே அவன் முகம் நாவல் பழமாய்க் கறுக்கிறது. துஷாந்தினியின் கை தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் போகிறது. "எண்ணெ வேணாங்கா, ரப்பர் கெட்டுரும்," என்று முனகுகிறான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், மூச்சு நிற்கும்போதும் ரப்பருக்குத்தான் பயப்படுகிறான். அவள் சுவரில் தொங்கும் பால்வெட்டுக் கத்தியை எடுக்கிறாள். ரப்பர் மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவுகிற கை இப்போது அவன் தொண்டைக்கு நேரே கத்தியைக் கொண்டுபோகிறது. "அசையாதடா." "வெட்டாதக்கா, ஒன் காசு அக்கா..." அவன் குரல் அடைத்துப்போகிறது. பட்டிக்கு அடியில் தன் விரலைக் கொடுத்து, கத்தியை வைத்து இழுக்கிறாள். ரப்பர் பிளக்கிறது. அவள் விரலிலிருந்து வடியும் ரத்தம் அவன் நெஞ்சில் கோடாய் இறங்குகிறது. அவன் தரையில் சரிந்து இருமுகிறான். "இனி ஒன் காச எப்புடிக்கா குடுப்பேன்?" அவள் அவன் முதுகைத் தடவுகிறாள். "நீ ஒண்ணும் தர வேணாம்டா. மூச்ச விடு."