நீல யானையின் வயிறு

மலைப்பாதை ஓரத்துப் புங்கமரப் பொந்தில் தயாளன் ஒளித்து வைத்தது ஒரு நீல பிளாஸ்டிக் யானை. போனில் வழி பார்த்துத் தேடி வருகிறவர்கள் அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவன் வந்து, யார் யார் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்பான். இந்த முறை யானையின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் அருகம்புல் மாலை. நோட்டில் பெயர்களுக்குக் கீழே வேண்டுதல்கள். 'அவர் குடியை விடணும்.' 'பாப்பாவுக்குப் பேச்சு வரணும்.' யானையை எடுத்துப் பையில் போட்டுவிடலாம் என்று அவன் கை நீட்டியபோது, விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு தம்பி. எம் மக செண்பகம் வேலைக்குன்னு போயி எட்டு மாசமாச்சு, ஒரு போன் இல்ல. உசுரோட இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்."

எழுதினான். இரண்டு தரம் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அவன் வயிற்றை மூடும்போது, "சாமி இத எப்ப வந்து படிக்கும்?" என்றாள்.

பேனா இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"மாசாமாசம் மொத ஞாயித்துக்கெழமம்மா," என்றான்.